தேறிவந்த பிள்ளைகளின் எலும்பு

குழந்தைகளைத் தாக்கும் புற்றுநோய்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, மருத்துவ நூல்கள் கடும் நிணநீரணு இரத்தப் புற்றுநோய் என்று பெயரிடுவதும், பெற்றோரின் பேச்சில் ‘பிளட் கேன்சர்’ என்று சுருங்கிவிடுவதுமான நோயே ஆகும். எலும்பின் உட்குழிவிலுள்ள மஜ்ஜையில் முதிர்ச்சியடையாத வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, நல்ல இரத்த அணுக்கள் உருவாக இடமில்லாமல் செய்வதே இந்நோயின் இயல்பு. பெரும்பாலும் 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடைப்பட்ட பருவத்தில் தலைகாட்டும் இது, எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன்னர் வந்தால் சில மாதங்களில் உயிரைப் பறித்துவிடும் நோயாக இருந்தது. இன்றோ வசதி மிக்க நாடுகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 90 பிள்ளைகள் நீண்ட காலம் வாழ்கின்றனர், இந்தியாவின் பெரிய மையங்களில் முறையாகச் சிகிச்சையை முடிப்போரிலும் பெரும்பான்மையோர் பிழைக்கின்றனர்.

2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தென்காசியில் ஒரு பிள்ளைக்கு இந்நோய் கண்டால், குடும்பம் பெரும்பாலும் வெளியூர் மருத்துவமனையையே நம்ப வேண்டியிருக்கிறது. செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை வழியாக மலையைக் கடந்து, 1981-இல் திருவனந்தபுரத்தில் நிறுவப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையத்துக்குச் செல்வோர் உண்டு. மதுரைக்குச் செல்வோர் உண்டு. பொதிகை விரைவு வண்டியில் இரவெல்லாம் பயணம் செய்து சென்னை அடையாற்றிலுள்ள புற்றுநோய் நிறுவனத்தை அடைவோரும் உண்டு. முதல் சில மாதங்கள் மருத்துவமனை அருகிலேயே அறை எடுத்துத் தங்கியும், பிறகு மாதத்துக்கு ஒருமுறை போய்வந்தும், இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீளும் இச்சிகிச்சை முடிந்து, உதிர்ந்த முடி வளர்ந்து, பிள்ளை ஊருக்குத் திரும்பிய பின், வீட்டார் நோயைப் பற்றி நினைக்கவும் விரும்புவதில்லை. அது இயற்கையே. ஆயினும் அந்த நேரத்தில்தான், நோயும் மருந்தும் சேர்ந்து இளைக்க வைத்த எலும்பு, இழந்ததை மீட்டுக்கொள்ளும் வேலையைத் தொடங்குகிறது. மருத்துவமனையின் கண்காணிப்பு தளரும் ஆண்டுகளும் எலும்பு மீளும் ஆண்டுகளும் ஒன்றாக அமைந்துவிடுவதால், அவ்வேலைக்குத் துணைநிற்கும் பொறுப்பு பெருமளவு வீட்டையும் பள்ளியையும் உள்ளூர் மருத்துவரையும் சேர்கிறது.

எலும்பு கல்லைப் போல ஒருமுறை அமைந்து அப்படியே நிற்கும் பொருளன்று. கொல்லாஜன் என்னும் புரத நார்களாலான வலைப்பின்னலில் கால்சியமும் பாஸ்பேட்டும் உப்பாகப் படிந்து உருவாகும் அது, நாள்தோறும் ஓரிடத்தில் கரைக்கப்பட்டு மற்றோரிடத்தில் புதிதாகக் கட்டப்படுகிறது. கரைக்கும் உயிரணுக்களை எலும்பழிப்பிகள் என்றும், கட்டும் உயிரணுக்களை எலும்பாக்கிகள் என்றும், கட்டிய சுவருக்குள்ளேயே தங்கி எங்கே பாரம் அதிகம் விழுகிறது என்று உணர்ந்து சொல்லும் மூன்றாம் வகையினவற்றை எலும்பணுக்கள் என்றும் கூறலாம். வளரும் பிள்ளையிடம் கட்டும் வேலை கரைக்கும் வேலையை எப்போதும் மிஞ்சி நிற்க வேண்டும். வாழ்நாள் முழுமைக்கும் தேவைப்படும் எலும்புத் திரளில் ஏறத்தாழ 90 விழுக்காடு 18 முதல் 20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது என்பதால், 4 வயதிலோ 12 வயதிலோ மூன்று ஆண்டுகள் இந்த வேலை முடங்குவதன் விளைவு, ஐம்பது வயதில் இடுப்பெலும்பு முறிவாகக்கூட வெளிப்படலாம்.

முடக்கம் மருந்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மஜ்ஜைக்குள் நெருக்கியடித்துப் பெருகும் புற்றணுக்கள் எலும்பை உள்ளிருந்து அழுத்துவதோடு, எலும்பழிப்பிகளைத் தூண்டும் வேதிப்பொருள்களையும் சுரக்கின்றன. ஆகவே நோயின் முதல் அறிகுறியே பல பிள்ளைகளிடம் கால் வலியாகவோ, காரணமின்றி நொண்டி நடப்பதாகவோ, இரவில் முதுகு வலிக்கிறது என்று அழுவதாகவோ அமைகிறது. முழங்கால் எக்ஸ்ரேயில் எலும்பின் வளர்முனையை ஒட்டிக் கருத்த பட்டை ஒன்று தென்படுவதும் உண்டு. நெல்லைச் சீமையில் கால் வலி என்றதும் சுளுக்கு என்று எண்ணி, நல்லெண்ணெய் தேய்த்து வழித்துவிடுபவரிடமோ, கட்டுப் போடும் வைத்தியரிடமோ பிள்ளையை அழைத்துச் செல்வது நெடுநாள் பழக்கம். விழுந்து பிசகிய காலுக்கு அது இதம் தரக்கூடும். ஆனால் விழாமலே வந்த வலி இரண்டு வாரம் நீடித்து, உடன் காய்ச்சலோ, முகவெளிறலோ, தோலில் சிவப்புப் புள்ளிகளோ இருந்தால், செய்ய வேண்டியது இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் எளிய பரிசோதனையே. உள்ளே முள்ளெலும்பு நொறுங்கிக் கிடக்கும் பிள்ளையின் முதுகை அழுத்தித் தேய்ப்பது எவ்வளவு கொடிய வேதனை என்பதைத் தேய்ப்பவர் அறிய வழியில்லை.

சிகிச்சை தொடங்கியதும் எலும்புக்கு இரண்டாம் சோதனை வருகிறது. முதல் நான்கு, ஐந்து வாரங்கள் நாள்தோறும், பிறகு சில திட்டங்களில் மாதத்துக்கு 5 நாள் என்று தரப்படும் பிரட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் ஆகிய ஸ்டீராய்டு மருந்துகள், புற்றணுக்களைக் கொல்வதில் ஈடு இணையற்றவை; முகம் உருண்டு, பசி பெருகி, நள்ளிரவிலும் சோறு கேட்டுப் பிள்ளை அடம்பிடிக்கும் காலம் என்று ஒவ்வொரு தாயும் நினைவில் வைத்திருப்பது இவற்றின் விளைவையே. அதே மருந்துகள் எலும்பாக்கிகளின் எண்ணிக்கையைக் குறைக்கின்றன, எலும்பணுக்களை மடியச் செய்கின்றன, உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன, உறிஞ்சியதையும் சிறுநீரில் கழியச் செய்கின்றன. இரண்டில் டெக்ஸாமெத்தசோன் மூளையைச் சூழ்ந்த நீருக்குள் நன்கு ஊடுருவுவதால் நோயை அடக்குவதில் வலியது; எலும்புக்கு இழைக்கும் தீங்கிலும் அதுவே வலியது. இவற்றோடு வின்கிரிஸ்டின் என்னும் ஊசி மருந்து நரம்புகளைத் தளரச் செய்வதால், பாதம் தொங்கி, படியேற முடியாமல், அடிக்கடி தடுக்கி விழும் நிலை பிள்ளைக்கு ஏற்படுகிறது. தசை இயங்காத இடத்தில் எலும்புக்குப் பாரம் விழாது, பாரம் விழாத எலும்பு தன்னைக் கட்டிக்கொள்ளாது.

மெத்தோட்ரெக்ஸேட்டை இங்கே தனியே குறிப்பிட வேண்டும், ஏனெனில் அதன் பிறப்பில் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் வழிநடத்திய லெடர்லே ஆய்வுக்கூடத்தில்தான் ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக இயங்கும் மருந்துகள் உருவாயின. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினைப் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் பிள்ளைகளுக்குக் கொடுத்து, நோய் தற்காலிகமாகவேனும் அடங்குவதை 1948-இல் வெளியிட்டார். அதன் உறவான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் வாரந்தோறும் வாய்வழியாகவும், பெற்றோர் ‘முதுகு ஊசி’ என்று அஞ்சும் வழியிலும் தரப்படுகிறது. உலகெங்கும் எண்ணிறந்த பிள்ளைகளைக் காப்பாற்றிய அந்த மருந்தை நெடுங்காலம் எடுத்துக்கொண்ட சிலருக்குக் கால் எலும்புகள் வலித்து முறிவதை 1970-இலேயே மருத்துவர்கள் பதிவு செய்தனர். காத்த மருந்தே எலும்பைக் கடிக்கிறது என்பதற்காக அதை வெறுக்கவோ வேளை தவறவோ கூடாது. மருந்து தவறினால் நோய் திரும்பும், நோய் திரும்பினால் முன்னினும் கடுமையான மருந்தும் கதிர்வீச்சும் தேவைப்பட்டு எலும்பு மேலும் நலியும்.

இத்தனை சேதமும் எவ்வளவு என்பதைக் கணக்கெடுத்த ஆய்வுகளுள் கனடாவின் குழந்தைகள் மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு முதன்மையானது. 186 பிள்ளைகளின் முதுகெலும்பை நோய் கண்டறிந்த சில வாரங்களுக்குள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, அவர்களில் 16 விழுக்காட்டினருக்கு முள்ளெலும்பு ஏற்கெனவே நசுங்கியிருந்ததும், நசுங்கியவர்களில் கணிசமானோருக்கு முதுகு வலியே இல்லாதிருந்ததும் தெரியவந்தன. அதே பிள்ளைகளை 6 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018-இல் வெளியிட்ட முடிவின்படி, மூவரில் ஒருவருக்கு, அதாவது 32.5 விழுக்காட்டினருக்கு, எப்போதேனும் முள்ளெலும்பு முறிந்தது. 23 விழுக்காட்டினருக்குக் கை, கால் போன்ற பிற எலும்புகள் முறிந்தன. முறிவுகள் மிகுதியாக நேர்ந்தது முதல் ஆண்டிலேயே.

எண்கள் அச்சமூட்டுபவை என்றாலும், அந்த ஆய்வின் மிகச் சிறந்த செய்தி வேறு. முள்ளெலும்பு நசுங்கிய பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்கு, 6 ஆண்டு முடிவதற்குள், நசுங்கிய எலும்பு தானாகவே உயரம் கூடிப் பழைய வடிவத்தை அடைந்துவிட்டது. வளர்ந்துவிட்ட ஒருவரின் நசுங்கிய முள்ளெலும்பு ஒருபோதும் அவ்வாறு நிமிர்வதில்லை. வளரும் உடலுக்கு மட்டுமே வாய்த்த பேறு இது. வடிவம் மீளாமல் நின்றவர்கள் பெரும்பாலும், நோய் வந்தபோதே சற்று வயது கூடியவர்களும், மிகக் கடுமையாக எலும்பு நொறுங்கியவர்களும் ஆவர், ஏனெனில் வளர்வதற்கு எஞ்சியிருந்த ஆண்டுகள் அவர்களுக்குக் குறைவு. வளர்ச்சி தடைபடாமல் நடப்பதற்கு வேண்டிய உணவையும் அசைவையும் கொடுத்தால், எலும்பு தன் பங்கைச் செய்துகொள்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக வேறு எந்தச் சான்றும் காட்டவில்லை. பிள்ளையின் உயரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கதவு நிலையில் கோடிட்டுத் தேதியுடன் குறித்துவருவது கிராமத்து வீட்டிலும் செய்யக்கூடிய கண்காணிப்பு. கோடு ஓராண்டாக ஏறாமல் நின்றால் மருத்துவரிடம் காட்டுவதற்கு அதுவே போதிய காரணம்.

பதின்பருவத்தினரின் நிலை தனி. ஸ்டீராய்டு மருந்தால் எலும்பின் முனைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைபட்டு, அப்பகுதி உயிரற்றுப் போவதை எலும்பு நசிவு என்பர்; மருத்துவமனைகளில் ‘ஏவிஎன்’ என்ற சுருக்கப் பெயர் வழங்குகிறது. தொடையெலும்பின் தலைப்பகுதியும் முழங்காலும் இதற்கு அதிகம் இலக்காகின்றன. 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 10 வயதுக்குட்பட்டவர்களில் 1 விழுக்காட்டினரே இதற்கு ஆளாக, 10 முதல் 15 வயதினரில் 9.9 விழுக்காட்டினரும் 16 முதல் 21 வயதினரில் 20 விழுக்காட்டினரும் ஆளாயினர். டெக்ஸாமெத்தசோனை 21 நாள் தொடர்ந்து கொடுப்பதற்குப் பதில், ஒரு வாரம் கொடுத்து ஒரு வாரம் நிறுத்தி மீண்டும் ஒரு வாரம் கொடுத்தால், 10 வயதைத் தாண்டியவர்களிடம் இந்த ஆபத்து 17 விழுக்காட்டிலிருந்து 8.7 விழுக்காடாக, அதாவது ஏறக்குறையப் பாதியாகக் குறைவதையும் அதே ஆய்வு நிறுவியது. வீட்டார் அறிந்திருக்க வேண்டியது ஒன்று: இடுப்பு மூட்டின் நோவு பல நேரங்களில் முழங்காலில் வலியாக உணரப்படும். பத்தாம் வகுப்பு படிக்கும் பெண் மாதக்கணக்கில் முழங்கால் வலி என்று சொல்லி, முழங்கால் எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்ற பதிலோடு திருப்பி அனுப்பப்படுவது நேரக்கூடாது. அவள் முன்பு இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவள் என்று சொன்னால், மருத்துவர் இடுப்பையும் எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்பார். தொடக்கநிலையில் எக்ஸ்ரே இந்நோயைக் காட்டாது.

அந்த ‘முன்பு என்ன சிகிச்சை பெற்றார்’ என்ற விவரம் தமிழ்நாட்டில் எத்தனை முக்கியமானது என்பதை அறிய, சற்று வரலாறு தேவை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கப்பட்டு, டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வளர்த்தெடுத்த அடையாறு புற்றுநோய் நிறுவனம், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, தில்லி எய்ம்ஸ் ஆகியவற்றுடன் சேர்ந்து, 1980-களில் எம்சிபி-841 என்ற ஒரே சிகிச்சைத் திட்டத்தைக் கையாளத் தொடங்கியது. நான்கு ஆண்டுகள் நோயின்றி வாழ்வோர் 20 விழுக்காட்டுக்கும் குறைவு என்றிருந்த நிலையை 45 முதல் 60 விழுக்காடு வரை உயர்த்திய அத்திட்டம், இந்தியக் குழந்தைகள் மருத்துவத்தின் பெருமைக்குரிய பக்கங்களில் ஒன்று. அதில் மூளைக்கு நோய் பரவாதிருக்கத் தலைக்குக் கதிர்வீச்சும் அடங்கியிருந்தது. தலைக்குச் செலுத்தப்படும் கதிர்வீச்சு, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியை நலிவடையச் செய்து, வளர்ச்சி ஹார்மோனையும் பருவமடையச் செய்யும் ஹார்மோன்களையும் குறைக்க வல்லது. அவ்விரண்டும் குறைந்தால் எலும்பும் அடர்த்தி குறைந்தே நிற்கும். இன்றைய திட்டங்களில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தக் கதிர்வீச்சு தவிர்க்கப்படுகிறது என்றாலும், முன்னர் அதைப் பெற்றுப் பிழைத்தவர்கள் இன்று முப்பது, நாற்பது வயதில் நம்மிடையே வேலைக்குச் சென்றுகொண்டும் பிள்ளை பெற்றுக்கொண்டும் இருக்கின்றனர். அவர்களில் பலர் தம் தலைக்குக் கதிர்வீச்சு தரப்பட்டதைச் சிறுவயது என்பதால் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள்.

சிகிச்சை முடிந்தவர்களுக்கென்றே தனிப் பிரிவை 1991-இல் டாட்டா நினைவு மருத்துவமனை தொடங்கியது. எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு, கதிர்வீச்சு உண்டா, எலும்பு முறிவு நேர்ந்ததா, இனி எந்தெந்த ஆண்டில் எதைப் பரிசோதிக்க வேண்டும் என்று ஓரிரு பக்கங்களில் எழுதித் தரப்படும் சிகிச்சைச் சுருக்கமே இத்தகைய தொடர்கவனிப்பின் அடிப்படை. தென்காசியிலிருந்து திருவனந்தபுரமும் சென்னையும் தொலைவாக இருப்பதாலேயே அந்தத் தாள் இங்கே மேலும் தேவைப்படுகிறது. கடைசி முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது அதைக் கேட்டு வாங்குவதும், படியெடுத்து வீட்டிலும் செல்பேசியிலும் வைத்திருப்பதும், பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் ஊர் மருத்துவர் ஒருவர் சரியான கேள்வியைக் கேட்பதற்கு வழிசெய்யும்.

எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் பற்றியும் ஒரு சொல். மிகக் குறைந்த எக்ஸ்ரே கதிரால் முதுகையும் உடலையும் அளக்கும் அந்தச் சோதனையின் முடிவைப் பிள்ளைகளுக்கு அதே வயதினரோடு ஒப்பிட்டே பார்க்க வேண்டும். இளைஞரின் எலும்போடு ஒப்பிடும் அளவுகோலை வைத்துப் பார்த்தால் எந்தக் குழந்தைக்கும் எலும்புப்புரை இருப்பதாகவே தோன்றும். நோயால் உயரம் குன்றிய பிள்ளையின் எலும்பு சிறியதாக இருப்பதாலேயே அடர்த்தி குறைந்ததாகக் காட்டும் என்பதால் உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். உலக வழிகாட்டல்களின்படி, பெரிய அடி எதுவும் படாமல் முள்ளெலும்பு நசுங்கியிருந்தாலோ, அடர்த்தி மிகக் குறைந்திருப்பதோடு நீள எலும்புகள் பலமுறை முறிந்திருந்தாலோ மட்டுமே ஒரு பிள்ளைக்கு எலும்புப்புரை என்று முடிவு சொல்லலாம். அப்படிப்பட்டவர்களுக்கு எலும்பழிப்பிகளை அடக்கும் பிஸ்பாஸ்போனேட் ஊசிகள் உண்டு. அவை அனுபவமுள்ள குழந்தை மருத்துவர் தீர்மானிக்க வேண்டியவை, எல்லோருக்கும் முன்னெச்சரிக்கையாகப் போடப்படுபவை அல்ல.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு மருந்து அடுக்களையிலேயே தொடங்குகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி நாளொன்றுக்கு 4 முதல் 6 வயதினருக்கு 550 மில்லிகிராம், 7 முதல் 9 வயதினருக்கு 650, 10 முதல் 12 வயதினருக்கு 850, 13 முதல் 15 வயதினருக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 மில்லி பசும்பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராமும், 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவிலும் கால்சியம் உண்டு. எள்ளில் அது ஆயிரத்தைத் தாண்டுகிறது. நெல்லைப் பகுதியின் உளுந்தம்பருப்புச் சோற்றையும் அதற்குத் தொடுகறியான எள்ளுத் துவையலையும் இந்தக் கண்ணோடு பார்த்தால், பருவமடைந்த பெண்ணுக்கு இடுப்பு வலுப்பட வேண்டும் என்று உளுந்தங்களி கிண்டிக் கொடுத்த பாட்டிமாரின் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்று வியக்கத் தோன்றும். கீரையும் தானியமும் தரும் கால்சியத்தில் ஒரு பகுதியை அவற்றிலுள்ள ஆக்சலேட்டும் பைட்டேட்டும் பிடித்துக்கொள்வதால், காலையும் மாலையும் ஒரு டம்ளர் பாலோ, மதியம் ஒரு கிண்ணம் தயிரோ இவற்றோடு சேர்வது நல்லது. இந்நோய்ச் சிகிச்சையில் தரப்படும் ஆறு-மெர்காப்டோபியூரின் மாத்திரையைப் பாலுடன் கொடுக்காதீர்கள் என்று பல மருத்துவமனைகளில் சொல்லப்பட்டதைக் கேட்டு, பாலே ஆகாது என்று விளங்கிக்கொண்டு இரண்டு ஆண்டுகள் பாலை நிறுத்திவிட நேர்ந்தால் அது பெரிய இழப்பு. மாத்திரையை இரவிலும் பாலைக் காலையிலும் கொடுத்தால் போதும், பாலோடு உட்கொள்வதால் உடலில் மருந்தின் அளவு மாறவில்லை என்று பிந்தைய ஆய்வும் காட்டியுள்ளது.

ஆட்டுக்கால் சூப் பற்றி நிலவும் நம்பிக்கையைத் திருத்திக்கொள்வது அவசியம். எலும்பை எத்தனை மணி நேரம் கொதிக்க வைத்தாலும் அதன் கால்சியம் நீரில் மிகச் சிறிதளவே கரையும்; சூப்பு பசியைத் தூண்டலாம், உடம்புக்கு இதமாக இருக்கலாம், ஆனால் பாலுக்கு ஈடாகாது. பிரண்டையின் பெயரும் அடிக்கடி வரும். முறிந்த எலும்பு கூடுவதற்கு அது உதவுகிறதா என்று காசி இந்துப் பல்கலைக்கழகத்தினர் 1960-களிலேயே விலங்குகளில் ஆராய்ந்து நல்ல குறிகளைக் கண்டனர் என்றாலும், இரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட பிள்ளைகளுக்கு அதை மருந்தாகத் தரலாம் என்பதற்கு அது சான்றாகாது. சிகிச்சை முடிந்த பின் நன்கு வதக்கி அரைத்த துவையலாக உண்பதில் குற்றமில்லை. மருந்து உட்கொள்ளும் காலத்தில், கல்லீரல் ஏற்கெனவே மெத்தோட்ரெக்ஸேட்டின் சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கும் வேளையில், எந்தச் சூரணமும் மருத்துவருக்குத் தெரியாமல் தரத் தக்கதன்று.

கால்சியத்தைக் குடல் ஏற்பதற்கு வைட்டமின் டி வேண்டும். அதை உடல் வெயிலில் தோலிலிருந்து உண்டாக்கிக்கொள்கிறது. பூமத்தியரேகைக்கு வடக்கே 9 பாகைக்கும் குறைவான தொலைவில் உள்ள தென்காசிக்கு வெயிலில் குறைவில்லை என்று தோன்றலாம். ஆயினும் இந்தியக் குழந்தைகளைப் பற்றி 2016 முதல் 2018 வரை நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு, பள்ளி வயதுச் சிறாரில் 18 விழுக்காட்டினருக்கும் பதின்பருவத்தினரில் 24 விழுக்காட்டினருக்கும் இந்த வைட்டமின் குறைபாடு உண்டு என்று காட்டியது. அவர்கள் நோயற்ற பிள்ளைகள். தொற்று வந்துவிடுமோ என்று இரண்டு ஆண்டுகள் வீட்டுக்குள் வைத்துப் பார்க்கப்பட்ட பிள்ளையிடம் குறைபாடு மேலும் மிகுந்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆனி முதல் ஆவணி வரை மலையிலிருந்து இறங்கும் சாரலும் முகிலும் குற்றாலத்தை ஒட்டிய ஊர்களை மூடியிருக்கும் மாதங்களில் வெளியே செல்லும் நேரமும் குறைகிறது. காலை இளவெயிலே நல்லது என்பது நம் வழக்கு. ஆனால் வைட்டமின் டி உண்டாகத் தேவையான புற ஊதாக் கதிர், நிழல் ஆளின் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் நேரத்தில்தான் போதிய அளவு தரையை அடைகிறது. திருப்பதியில் நடந்த ஆய்வு, முற்பகல் 11 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையே அது மிகுதி என்று கண்டது.

இதைப் படித்துவிட்டுச் சிகிச்சையிலிருக்கும் பிள்ளையை உச்சி வெயிலில் நிறுத்திவிடக் கூடாது, ஏனெனில் மெத்தோட்ரெக்ஸேட், மெர்காப்டோபியூரின் ஆகியவை தோலை வெயில் எளிதில் சுடும்படி செய்கின்றன. அந்தக் காலத்தில் மருத்துவர் சொல்லும் அளவில் வைட்டமின் டி-யை மருந்தாகத் தருவதே பாதுகாப்பானது. ஒரு வயதைக் கடந்த பிள்ளைக்கு நாளொன்றுக்கு 600 யூனிட் போதும் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017-இல் வெளியிட்ட பொதுப் பரிந்துரை. குறைபாடு உறுதியானவர்களுக்கு மட்டுமே அதிக அளவு. மருந்துக்கடைகளில் கேட்டவுடன் கிடைக்கும் 60,000 யூனிட் பொடிப் பாக்கெட்டை ‘எலும்புச் சத்து’ என்று எண்ணி நாள்தோறும் கலக்கிக் கொடுப்பது நஞ்சாக முடியும். இரத்தத்தில் கால்சியம் அளவுமீறி ஏறி, வாந்தியும் சிறுநீரகக் கேடும் வரும்.

உணவும் வைட்டமினும் செங்கல்லும் சிமெண்டும் என்றால், எங்கே கட்டுவது என்று எலும்புக்குச் சொல்வது அசைவு. கால் தரையில் மோதும் ஒவ்வொரு குதிப்பும் எலும்பணுக்களுக்கு ஒரு செய்தி. இந்த நோயிலிருந்து மீண்ட பிள்ளைகளுக்கு நம் வீடுகளில் இழைக்கப்படும் பெரிய தீங்கு அன்பின் பெயராலேயே நிகழ்கிறது என்று துணிந்து சொல்லலாம்: ஓடாதே, விழுந்துவிடுவாய், பள்ளியில் விளையாட்டு வகுப்பில் உட்கார்ந்திரு, மாடிப்படியில் தூக்கிக்கொண்டு போகிறேன். மருந்து நின்று இரண்டு ஆண்டுகள் ஆன பின்னும் இந்தக் காவல் தொடர்ந்தால், மருந்து செய்த சேதத்தை மீட்கும் முக்கிய வழியே அடைபட்டுப்போகிறது. முதலில் நடை, பிறகு படி ஏறி இறங்குதல், பிறகு பாண்டியாட்டம், கயிறாட்டம் என்று படிப்படியாக உயர்த்துவதே முறை. பாதம் தொங்கும் பிள்ளைக்கு இயன்முறை மருத்துவர் சொல்லித்தரும் பயிற்சியும் காலணிக்குள் வைக்கும் தாங்கியும் உதவும். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை மருத்துவமும் அடங்கும் என்பதால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப்பார்க்கலாம். விளையாட்டு ஆசிரியருக்கு எழுத்தில் தர வேண்டிய குறிப்பு, எதைச் செய்யக்கூடாது என்பதைவிட எதையெல்லாம் செய்யலாம் என்று சொல்வதாக இருப்பது நலம்.

குற்றாலத்தில் சாரல் சீசன் வந்ததும் இந்தப் பகுதிப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. அருவியில் குளிக்கலாமா என்பதே அது. ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து வரும் பேரருவியின் வேகம் இடையிலுள்ள பொங்குமாங்கடல் என்னும் பாறைப் பள்ளத்தில் ஒருமுறை தணிந்தே கீழே விழுகிறது என்றாலும், நடுப்பகுதியில் நீர் தலையிலும் கழுத்திலும் இறங்கும் அடி வலுவானது. பாசி படிந்த பாறையும் நெரிசலும் சேர்ந்தால் வழுக்கி விழுவது எளிது. மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும் காலத்தில், மார்பில் குழாய் பொருத்தப்பட்டிருக்கும்போதும் இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும்போதும், அங்கே இடமில்லை. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுபவர்களின் கைக்கும், முள்ளெலும்பு ஒருமுறை நசுங்கிய பிள்ளையின் முதுகைக் கொடுக்கலாகாது. சிகிச்சை முடிந்து, அணுக்களின் எண்ணிக்கை சீராகி, முதுகு எக்ஸ்ரேயைப் பார்த்து மருத்துவரும் சம்மதித்த பின்போ, கூட்டம் குறைந்த வார நாளில், சிறுவர்கள் குளிக்க ஏற்றதென்று பெயர்பெற்ற புலியருவியிலோ, பேரருவியின் ஓரத்தில் சிதறி விழும் நீரிலோ, பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க, வழுக்காத செருப்பணிந்து பிள்ளை நனைவதற்குத் தடை ஏதுமில்லை. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து அருவி வரைக்கும் திரும்பவும் பிள்ளையைத் தூக்கிச் செல்லாமல் நடத்தியே அழைத்துச் செல்லலாம்.